ஓடிக்கொண்டேயிருக்கும் ஒரு சொல்

ஆங்கிலம் பயிலத் தொடங்குஞ் சிறுவன் முதலாண்டிலேயே கற்றுக்கொள்ளுஞ் சொற்களுள் ஒன்று 'ரன்' என்பது. மூன்றே எழுத்துக்களாலாயது அச்சொல். 'ஓடு' என்பது அதன் பொருள் என ஆசிரியர் கூறுவார். பாடநூற் படத்திலே ஒரு பையனும் அவனுடைய நாயும் ஓடிக்கொண்டிருப்பர். அன்றோடு அச்சொல் தன் கைவசமாயிற்று என்று சிறுவன் எண்ணிக்கொள்வான்.

ஆண்டுகள் சில கழிந்தபின் அதே சொல் வேறு கோலம் பூண்டு அவன் முன்னே வந்து நிற்கும். ஆறு 'ரன்' செய்கின்றது. அங்கே ஓடுதல் என்ற பொருள் பொருந்திவிடும். புதுச் சேலையின் சாயமும் 'ரன்' செய்கின்றது. தமிழிலே சாயம் போகின்றது என்கிறோம். வீதியொன்று மலையடிவாரத்தால் 'ரன்' செய்கின்றது. தமிழிலே அது செல்கின்றது. ஒருவர் கடையை 'ரன்' செய்கின்றார், தமிழிலே நடத்துகின்றார். நாடகம் நூறு நாள் நடைபெறுவதும், பத்திரிகை செய்தியை வெளியிடுவதும், ஒப்பந்தம் மூன்றாண்டு செல்லுபடியாவதும், வீட்டில் அரிசி முடிந்து போவதும் ஆகிய இத்தனையும் ஆங்கிலத்தில் 'ரன்' என்ற அந்த ஒரு சொல்லின் துணைகொண்டே கூறப்படும். 'ஓடு' என்ற ஒரே பொருளை மனனஞ் செய்து வைத்திருந்த மாணவன் இவ்விடத்தில் திகைத்து நிற்பதிற் புதுமை யாதுமில்லை.

ஒக்ஸ்போட் ஆங்கில அகராதியின் ஆசிரியர்கள் இவ்வினைச்சொல்லை மீள ஆராய்ந்து 2011ஆம் ஆண்டில் வெளியிட்ட பதிவிலே அதற்கு 645 பொருட்பிரிவுகள் காட்டியுள்ளனர். அகராதிப் பதிவுகளுள் அதுவே மிக நீண்டதென அப்பொழுது கணிக்கப்பட்டது. ஆயின், ஆங்கிலத்தின் முதல் அகராதியிலே இச்சொல்லுக்கு இடமே இருக்கவில்லை. இடமே பெறாதிருந்த சொல் முதலிடம் பெறுவதற்கு நானூறு ஆண்டுகள் சென்றன. அவ்வரலாறு நேயர்கள் அறிந்துகொள்ளத் தக்கது.

ஆங்கிலச் சொற்களுக்கு ஆங்கிலத்திலேயே பொருள் கூறும் முதல் அகராதி எனப் போற்றப்படுவது 1604ஆம் ஆண்டில் இலண்டனில் அச்சாகியது. அதனைத் தொகுத்தவர் றொபேட் கோட்றி. பள்ளியாசிரியராகவுஞ் சமயகுருவாகவும் பணியாற்றியவர். ஏறத்தாழ 2,500 சொற்கள் கொண்ட அச்சிறு நூலின் முதற் பதிப்பிலே இன்று எஞ்சியிருப்பது ஒரேயொரு பிரதி. அது ஒக்ஸ்போட்டிலுள்ள பொட்லியன் நூலகத்திற் காக்கப்படுகின்றது. இலத்தீன், கிரேக்கம், எபிரேயம், பிரெஞ்சு ஆகிய மொழிகளிலிருந்து ஆங்கிலத்தில் வந்து புகுந்த கடுஞ்சொற்களைக் கல்வி குறைந்தோர்க்கு விளக்குவதே கோட்றியின் நோக்கம். ஆகவே வா, போ, எடு, கொடு, ஓடு முதலிய எளிய சொற்களை அவர் பொருட்படுத்தவில்லை. எல்லோரும் அறிந்த சொல்லுக்கு அகராதி எதற்கு என்பதே அக்காலத்தார் கருத்து. அடுத்த நூறாண்டுகளாக வெளிவந்த ஆங்கில அகராதிகளும் பெரும்பாலும் அவ்வழியே சென்றன. 1702ஆம் ஆண்டில் வெளிவந்த அகராதியொன்றே அன்றாடச் சொற்களுக்கும் இடமளித்தது; ஆயினும் அது கூறிய பொருள் மிகச் சுருக்கமானது. ஒருசொற் பல்பொருட்குத் தனித் தொகுதி வகுத்த நிகண்டுகளோடு பழகிய தமிழர்க்கு இந்நிலை வியப்பளிக்கலாம்.

எளிய சொல்லின் வலிமையை முதன்முதல் தம் தோளிலே தாங்கிப் பார்த்தவர் பேரறிஞர் சாமுவேல் ஜோன்சன். 1746ஆம் ஆண்டிலே இலண்டன் நூல் வெளியீட்டாளர் சிலரோடு அவர் உடன்படிக்கை செய்துகொண்டார். மூன்றாண்டில் முடிப்பதாக எண்ணிய வேலை ஒன்பதாண்டு வரை நீண்டது. நகரின் ஒடுங்கிய முற்றமொன்றிலிருந்த வீட்டின் மேன்மாடத்தில், எழுத்துதவியாளர் அறுவர் சூழ, அவர் பணி நடந்தது. நூல்களைப் படித்து வேண்டிய சொற்களின் கீழே கோடிட்டு வைப்பார் ஜோன்சன்; அச்சொல் வந்த வாக்கியங்களை உதவியாளர் தாள்களிற் பெயர்த்தெழுதுவர். பணி நடந்துகொண்டிருக்கையில், 1752ஆம் ஆண்டில், அவருடைய மனைவியார் காலமானார். 1755 ஏப்ரில் 15ஆந் திகதி 42,000க்கு மேற்பட்ட சொற்களைக் கொண்ட இரு பெருந் தொகுதிகள் வெளிவந்தன.

அந்நூலின் முன்னுரையிலே ஜோன்சன் தமக்கு மிகுந்த தொல்லை கொடுத்த சொற்களைப் பெயர் குறித்துக் கூறுகின்றார். அவை கிரேக்க மொழியிலிருந்து வந்த அருஞ்சொற்களல்ல. வா, போ, செய், கொடு, உடை, எறி, திருப்பு, ஓடு எனப் பொருள்படும் ஒற்றையசை வினைச்சொற்களே அவை. கடினமான சொல்லை எளிய சொல்லால் விளக்கிவிடலாம். எளிய சொல்லை விளக்க அதனினும் எளிய சொல்லுக்கு எங்கே போவது என்பதே அவர் கண்ட இடர்ப்பாடு. 'ரன்' என்பதன் முதற்பொருளை வரையறுக்க வந்தவர், ஒவ்வோர் எட்டிலும் இரண்டு பாதங்களும் ஒருசேர நிலத்தை விட்டெழும்படி விரைந்து செல்லுதல் என்ற கருத்துப்பட எழுதினார். மூன்று வயதுக் குழந்தை செய்து காட்டும் ஒரு செயலைச் சொல்லால் அளந்து காட்டப் பேரறிஞர் ஒருவர் எவ்வளவு பாடுபடவேண்டியிருந்தது! எடுத்தலைக் குறிக்கும் 'டேக்' என்ற வினைக்கு அவர் 134 பொருள்கள் வகுத்தார். ஆங்கில மொழியை நிலைநிறுத்தி வேலி கோலிவிடலாம் என்ற எண்ணத்தோடு பணியைத் தொடங்கியவர், வழங்குஞ் சொல்லை மாறாமற் காக்க எவராலும் இயலாது என்ற முடிவுக்கு வந்து சேர்ந்தார். அம்முடிவுக்கு அவரை இட்டுச் சென்றவற்றுள் இச்சிறு வினைகளுக்கும் பெரும் பங்குண்டு.

அடுத்த பெருமுயற்சி நூறாண்டு கழித்துத் தோன்றிற்று. 1857ஆம் ஆண்டில், இலண்டன் மொழியியற் கழகத்தின் முன்னிலையிலே றிச்சட் செனெவிக்ஸ் ட்றெஞ்ச் என்ற குருவானவர், அன்றிருந்த அகராதிகளின் குறைபாடுகளை எடுத்துக் காட்டி இரு கட்டுரைகள் படித்தார். நல்ல சொல், தீய சொல் எனத் தீர்ப்புக் கூறுவது அகராதிகாரனின் வேலையன்று. ஒவ்வொரு சொல்லும் எப்பொழுது தோன்றிற்று, எவ்வாறு வளர்ந்தது, எப்பொழுது வழக்கொழிந்தது என்று வரலாறு எழுதுவதே அவன் கடன் என்பது அவருடைய கொள்கை. அதற்கு வேண்டிய சான்றுகள் நூல்களிலே சிதறிக் கிடந்தன. அவற்றைத் திரட்டுவது ஒருவராலன்றிப் பலராலேயே கூடும் என்பதனால், தாமாக முன்வந்த வாசகர்கள் படித்த நூல்களிலிருந்து வாக்கியங்களைச் சீட்டுக்களில் எழுதி அனுப்பத் தொடங்கினர். முதலாசிரியராயிருந்த ஹேர்பேட் கோல்றிட்ஜ் 1861இல் முப்பது வயதிலே காலமானார். பின்வந்த பேர்ணிவல் ஊக்கம் மிகுந்தவராயினும் ஒழுங்கு குறைந்தவர்.

1879ஆம் ஆண்டில் ஒக்ஸ்போட் பல்கலைக்கழக அச்சகத்தார் இப்பணியை ஜேம்ஸ் மரேயிடம் ஒப்படைத்தனர். ஸ்கொட்லாந்துக் கிராமமொன்றிலே தையற்காரர் ஒருவருக்கு மகனாய் 1837இற் பிறந்து, பதினான்காம் வயதிற் பள்ளியை விட்டுத் தம் முயற்சியாலேயே பல மொழி கற்றுப் பள்ளியாசிரியரானவர் மரே. அவர் வீட்டு வளவிலே இரும்புத் தகட்டாலாய கொட்டகையொன்று எழுந்தது. அதனுட் புறாக்கூடு போன்ற சிற்றறைகள் வரிசை வரிசையாக அமைந்தன. அதுவரை சேர்ந்த சீட்டுக்கள் ஏறத்தாழ இரண்டு தொன் நிறையுடையனவாய் மூட்டைகளில் வந்திறங்கின. ஒரு மூட்டையிலே எலியொன்று குஞ்சுகளோடு குடியிருந்தது. ஓரெழுத்துக்குரிய சீட்டுக்கள் இத்தாலியிலே கிடந்தன. இன்னொரு பகுதிச் சீட்டுக்கள் அயர்லாந்திலே குதிரை லாயமொன்றிற் கண்டெடுக்கப்பட்டபோது அவற்றிற் பெரும்பகுதி அடுப்பு மூட்டுவதற்குச் செலவாகிவிட்டிருந்தது. மரேயின் பிள்ளைகள் பதினொருவரும் சிறு கைக்காசுக்காகச் சீட்டடுக்கிப் பழகியே வளர்ந்தனர்.

இச்சீட்டுக்களைப் பரிசோதித்தபோது மரே ஓர் உண்மையைக் கண்டார். 'அபியூசன்' என்ற வழக்கருகிய சொல்லுக்கு ஏறக்குறைய ஐம்பது மேற்கோள்கள் வந்திருந்தன. அதன் உறவாய், நாள்தோறும் யாவர் வாயிலும் வழங்கும் 'அபியூஸ்' என்ற சொல்லுக்கோ ஐந்து தானும் இல்லை. வாசகர்கள் வஞ்சனை செய்தாரல்லர். புதுமையான சொல் கண்ணில் உறுத்துகின்றது, உடனே எழுதிவைக்கின்றனர். பழகிய சொல்லோ கண்ணாடிச் சாளரம் போன்றது; அதனூடாகப் பார்ப்பவர் அதனைப் பார்ப்பதில்லை. கோட்றி செய்த அதே பிழையை, இருநூற்றெழுபத்தைந்து ஆண்டுகளுக்குப் பின்னர், கற்றோர் பலர் தம்மையறியாமற் செய்திருந்தனர். எளிய சொற்களையுந் தேடி எழுதுமாறு ஆங்கிலம் வழங்கும் நாடெங்கும் மரே வேண்டுகோள் விடுத்தார். சீட்டுக்கள் குவிந்தன. மரே 1885இல் ஒக்ஸ்போட்டுக்குக் குடிபெயர்ந்தபின், அவர் வீட்டு வாயிலிலேயே அஞ்சற் பகுதியார் கடிதப் பெட்டியொன்றை நாட்டினர்.

குவிந்த சீட்டுக்களிலிருந்து பொருள்களை எவ்வாறு பிரிப்பது? ஒரு சொல்லுக்குரிய சீட்டுக்களை மேசையிற் பரப்பிக் கால ஒழுங்கில் அடுக்குவர். ஒத்த கருத்துடையவற்றை ஒன்றுகூட்டுவர். பின்னர் எப்பொருள் தாய், எப்பொருள் சேய் என்று குலமுறை காண்பர். புதிய சீட்டொன்று வந்து கட்டிய கோயிலைக் குலைத்துவிடுவதும் உண்டு.

'ரன்' என்பதன் குலமுறையைச் சற்று நோக்குவோம். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் வழங்கிய பழைய ஆங்கிலத்திலே இதன் உருவங்கள் 'இர்னன்', 'ரின்னன்' என்பன. கடல் கடந்து வந்து இங்கிலாந்திற் குடியேறிய ஸ்கந்திநேவியரின் மொழியிலிருந்த உறவுச்சொற்களும் அவற்றோடு கலந்தன. காலால் ஓடுதலையும் நீர் ஓடுதலையும் அச்சொல் தொடக்கந்தொட்டே ஒருங்கு குறித்து வந்தது. உறவு மொழியாகிய ஜேர்மன் இரண்டையும் வேறுபடுத்தி, ஆள் ஓடுவதற்கு 'ரென்னென்' என்றும் நீர் ஒழுகுவதற்கு 'ரின்னென்' என்றும் இரு சொற்களை வைத்துக்கொண்டது. ஆங்கிலமோ இரு சுமையையும் ஒரே சொல்லின் தோளில் ஏற்றிவிட்டது.

நீரென்னுங் கிளையிலிருந்து கண்ணீர், குருதி, உருகும் மெழுகு, கரையுஞ் சாயம் என்பன கிளைத்தன. ஆறு நீண்டு கிடப்பதுபோல் நீண்டு கிடக்கும் வீதியும் மதிலும் மலைத்தொடரும் அடுத்து வந்தன. அங்கே எதுவும் ஓடவில்லை; பார்ப்பவன் கண்ணே ஓடுகின்றது. இடத்தில் நீளுவது காலத்திலும் நீளலாமாதலின், ஒப்பந்தமும் நாடகமும் அவ்வினையைப் பெற்றன.

மற்றொரு கிளை, ஓடச் செய்தல் என்பது. தமிழில் ஓடு, ஓட்டு என உருவம் வேறுபடும். ஆங்கிலத்தில் இரண்டும் 'ரன்' தான். குதிரை ஓடியது, குதிரையை ஓட்டினர். ஈரூர்களுக்கிடையே கூலிவண்டி ஓடியது; வண்டிக்காரன் அதனை ஓட்டினான். 1825ஆம் ஆண்டிலே ஸ்ரொக்ரனுக்கும் டாலிங்ரனுக்கும் இடையில் நீராவிப் புகைவண்டி ஓடலாயிற்று. தொழிற்சாலையிலே நின்ற இடத்தில் நின்று சுழலும் இயந்திரமும் 'ரன்' செய்வதாயிற்று. இயந்திரத்தை ஓட்டுபவன் ஆலையை ஓட்டினான். ஆலையை ஓட்டியவன் வியாபாரத்தையே ஓட்டினான். முடிவில் பள்ளிக்கூடமும் மருத்துவசாலையும் நாடும் அவ்வினைக்குட் புகுந்தன. தமிழிலோ நட என்பதிலிருந்து நடத்து என்பது பிறந்தது. ஆங்கிலேயன் கடையை ஓட்டுகின்றான். தமிழன் கடையை நடத்துகின்றான். இருவர் கடையும் ஒன்றே. மொழி சென்ற வழிதான் வேறு.

ஒரே மொழிக்குள்ளும் இவ்வேறுபாடு உண்டு. இங்கிலாந்திலே தேர்தலுக்கு வருபவர், தமிழரைப் போலவே, 'நிற்கின்றார்'. அமெரிக்காவிலே அவர் 'ஓடுகின்றார்'. கிரிக்கெற் ஆட்டத்திலே வினையிலிருந்து பிறந்த பெயராகிய 'ரன்' இன்னும் விந்தையானது. இருவர் எதிரெதிரே ஓடிப் பெறுவது ஒன்று. பந்து எல்லைக்கோட்டைச் சேர்ந்துவிட்டாலோ ஓர் அடிதானும் ஓடாமல் நான்கு கிடைக்கும். தாய்ப்பொருள் முற்றும் மறைந்த பின்னும் சொல் நிலைத்து நிற்பதற்கு இதனைக் காட்டிலும் தெளிவான எடுத்துக்காட்டு வேண்டுவதில்லை.

மரேயின் பணிமனையிலே நீண்ட காலம் முதலிடம் வகித்த சொல் 'செற்' என்பது. இருத்தல், வைத்தல் என்ற கருத்துடையது. இரு என்பதிலிருந்து இருத்து என்பது வந்தவாறே, அமர்தலைக் குறிக்கும் ஆங்கில வினையிலிருந்து வந்த பிறவினை அது. அதனை ஆராய்ந்த பகுதிக்கு ஆசிரியர் ஹென்றி பிராட்லி. முன்னர் கத்தி முதலியன செய்யும் நிறுவனமொன்றிலே எழுதுவினைஞராயிருந்து, தாமே மொழிகள் கற்று, அகராதியின் முதற் பகுதிக்கு எழுதிய மதிப்புரையால் மரேயின் கவனத்தைக் கவர்ந்தவர். 'செற்' என்ற வினை பதினெட்டுப் பக்கங்களுக்கு மேல் நீண்டு 154 பெரும் பிரிவுகளைப் பெற்றது. இறுதிப் பிரிவின் உட்பிரிவுகளுக்கு எழுத்திட்டபோது ஆங்கில நெடுங்கணக்கின் இருபத்தாறெழுத்தும் போதாமற் போகவே, எழுத்துக்களை இரட்டித்து மீண்டும் முதலிலிருந்து தொடங்கவேண்டியதாயிற்று.

பத்தாண்டில், நான்கு தொகுதிகளாக, 6,400 பக்கத்தில் முடிப்பதென்பது 1879ஆம் ஆண்டின் ஒப்பந்தம். ஐந்தாண்டு கழிந்து 1884இல் வெளிவந்த முதற் பகுதி முதலெழுத்தையே கடக்கவில்லை. எறும்பைக் குறிக்கும் 'அன்ற்' என்ற சொல்லோடு நின்றுவிட்டது. பொருட்செலவைக் கண்டு அஞ்சிய அச்சகத்தார் விரைவுபடுத்துமாறு இடைவிடாது வற்புறுத்தினர். மரே விட்டுக்கொடுக்கவில்லை. தம் எண்பதாம் பிறந்தநாளுக்குள் முழுவதையும் முடித்துவிட அவர் அவாவினார். அதற்கு இரண்டாண்டுக்கு முன்னரே, 1915 யூலை 26ஆந் திகதி, காலமானார். இறுதியாக அவர் ஆயத்தஞ் செய்த பகுதியிலே திரும்புதலைக் குறிக்கும் 'டேர்ண்' என்ற வினை அடங்கியிருந்தது. ஜோன்சன் தம் முன்னுரையிற் பெயர் சொல்லி முறையிட்ட சிறு வினைகளுள் அதுவும் ஒன்று. பிராட்லியும் 1923இல் மறைந்தார். வில்லியம் கிரேகி, சாள்ஸ் ஒனியன்ஸ் என்போர் எஞ்சிய பணியை நிறைவேற்ற, 1928ஆம் ஆண்டில் அகராதி முற்றுப்பெற்றது. 15,490 பக்கங்கள், 414,825 சொற்கள், 1,827,306 மேற்கோள்கள்.

1989இல் வெளிவந்த இருபது தொகுதிகள் கொண்ட இரண்டாம் பதிப்பிலும் 'செற்' என்பதே, 430க்கு மேற்பட்ட பொருள்களோடு, தலைமை பெற்றிருந்தது. மூன்றாம் பதிப்புக்கான திருத்தங்கள் வெளிவரத் தொடங்கியபின் அத்தலைமை கைமாறிற்று. 2000ஆம் ஆண்டில் 'மேக்' என்பதும், 2007இல் 'புற்' என்பதும், 2011இல் 'ரன்' என்பதும் முறையே முன்வந்தன. 'ரன்' என்ற ஒரு வினையை மட்டும் ஆராய்ந்து ஒழுங்குபடுத்தப் பீற்றர் கில்லிவர் என்ற அகராதியாசிரியருக்கு ஒன்பது மாதங்கள் சென்றன.

இவ்வளர்ச்சிக்கு இயந்திரங்கள் ஒரு காரணம். நீராவியும் மின்சாரமும் பின்னர் கணினியும் வந்தபோது, அவை இயங்குவதைக் குறிக்கப் புதுச்சொல் தேடாமல் மக்கள் பழைய 'ரன்' என்பதையே எடுத்துக்கொண்டனர். எனினும் 645 என்ற தொகையை இறுதி எல்லையாகக் கொள்ளுதல் தகாது. ஒருவர் ஒன்றெனக் கொள்வதை மற்றொருவர் இரண்டாகப் பகுக்கலாம். மலையின் உயரத்தை அளப்பது போன்றதன்று சொல்லின் பொருளை எண்ணுவது. ஆற்றின் கிளைகளை எண்ணுவது போன்றது.

இவ்வரலாறு ஆங்கிலங் கற்போர்க்கும் கற்பிப்போர்க்கும் ஒன்றை உணர்த்துகின்றது. அருஞ்சொற்களை நெட்டுருச் செய்வதே மொழிப்புலமை என மயங்குவோர் உளர். அருஞ்சொல்லுக்குப் பெரும்பாலும் பொருள் ஒன்றே. சிலரே அதனைக் கையாளுவதால் அது பிறந்தபடியே இருக்கின்றது. எளிய சொல்லையோ உழவனும் மாலுமியும் வணிகனும் அரசனுந் தத்தம் தேவைக்கு எடுத்தாளுகின்றனர். எடுத்தாண்ட ஒவ்வொருவரும் அதன்மேல் ஒரு பொருளை ஏற்றிவிட்டுச் செல்கின்றனர். ஆகவே அத்தகைய சொல்லைத் தனியே நிறுத்திப் பொருள் கேட்டலிற் பயனில்லை. அது வரும் வாக்கியத்தோடு சேர்த்தே அதனை அறிதல் வேண்டும். ஜோன்சனின் உதவியாளர் பெயர்த்தெழுதிய தாள்களும், மரேயின் கொட்டகையிற் குவிந்த சீட்டுக்களும் அந்த ஒரு வழியையே கையாண்டன. தான் படிக்கும் நூலில் 'ரன்' என்ற சொல்லைக் காணுந்தோறும் அவ்வாக்கியத்தைக் குறிப்பேட்டில் எழுதிவைக்கும் மாணவன், அவ்வறிஞர் சென்ற பாதையிலேயே செல்கின்றான். குறிப்பேடு நிரம்பிவிடலாம்; சொல் நின்றுவிடப் போவதில்லை.